ஈஜி-யில் பி18சி: 6,000-க்கு மேல் இழுவை இல்லை, எந்த இன்டேக் மேனிஃபோல்டு வாங்கலாம்?

சிப்புட்_ஈஜி

அண்ணன்மார்களே, வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்டில் இருக்கிறேன். காடி சிவிக் ஈஜி ஹேட்ச்பேக். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஹாஃப்கட்டிலிருந்து (பாதியாக வெட்டி விற்கும் பழைய காடி) பி18சி எஞ்சின் இறக்கியிருக்கிறார். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா), புஸ்பாகோம் பரிசோதனை எல்லாம் முடிந்து கிராண்டில் (காடியின் பதிவுப் பத்திரம்) எஞ்சின் மாற்றம் ஏறிவிட்டது, அந்தக் கவலை இல்லை.

எஞ்சினில் இருப்பது: 4-2-1 ஹெடர் (புகைக்குழாய்), கொஞ்சம் மேலான கேம் (வால்வைத் திறக்கும் தண்டு), பி28 ஈசியு-வில் (எஞ்சின் கணினி) ட்யூன் பண்ண ஹோண்டாட்டா எஸ்300. லிமிட்டர் 8,200 ஆர்பிஎம். இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்த் தொகுதி) மட்டும் ஒரிஜினல்.

பிரச்சினை இதுதான். வீடெக் (மேல் ஆர்பிஎம்-மில் வால்வை அதிகம் திறக்கும் ஹோண்டா அமைப்பு) திறந்ததும் நன்றாக ஏறுகிறது, 6,000 தாண்டினால் சத்தம் மட்டும் ஏறுகிறது, காடி ஏறவில்லை. கோலகங்சாரில் டோல் ஏறி மெனோரா மேட்டில் மூன்றாவது கியரில் போகும்போது நன்றாகவே தெரிகிறது. ஒருவர் ஸ்கங்க்2 ப்ரோ சீரிஸ் மேனிஃபோல்டு பழையது விற்கிறார். இன்னொரு கடையில் அதே மாதிரி காப்பி சாமான் பாதி விலைக்கு இருக்கிறது, பிளீனம் (குழாய்களுக்கு முன்னால் காற்று சேரும் அறை) இன்னும் பெரியது. எதை எடுக்கலாம்? தினமும் வேலைக்கு ஓட்டும் காடி, ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை செப்பாங் ரேஸ் டிராக்.

9000ஆர்பிஎம்

பாஸ், யோசிக்கவே வேண்டாம். பெரிய பிளீனம், 70 மில்லி த்ரோட்டில் பாடி (காற்றை அளந்துவிடும் வாய்). இல்லையென்றால் நேராக ஐடிபி (சிலிண்டருக்கு ஒரு த்ரோட்டில் பாடி) போட்டுவிடுங்கள், சத்தத்துக்கே காசு கொடுக்கலாம்.

செம்பனை_லோரி

எஸ்டேட்டுக்குள் ஓடுகிற காடிக்கு ஐடிபி-யா? செம்மண் ரோட்டில் எங்கள் லோரிக்குப் பின்னால் ஒரு வாரம் வந்து பாருங்கள் 9000. ஃபில்டர் இல்லாத குழாய் நாலும் குடிக்கிற தூசியில் பிஸ்டன் ரிங் என்ன ஆகும்? சத்தம் வரும், அது வேறு சத்தம்.

ஈப்போ_போமன்

தம்பி, காசை எடுப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் சொல்.

ஒன்று, ஹெட்டில் (எஞ்சினின் மேல்பாகம், வால்வு இருப்பது) வார்ப்பிலேயே இருக்கும் எழுத்து என்ன? பி72-ஆ, பிஆர்3-ஆ? பிளாக்கில் பி18சி என்று இருப்பதை மட்டும் வைத்து முடிவு பண்ணாதே. ஜப்பானில் இன்டெக்ரா எஸ்ஐஆர்-ஜி எஞ்சினும் பி18சி, டைப் ஆர் எஞ்சினும் பி18சி. முன்னது 180 குதிரை, பின்னது 200. டைப் ஆர் ஹெட் பி16ஏ குடும்பத்துப் பிஆர்3, மேனிஃபோல்டு ஒன்றுக்கொன்று மாறும். பி72 ஹெட்டில் இன்டேக் போல்ட் இடமும் போர்ட்டும் வேறு. பிஆர்3 மேனிஃபோல்டு அதில் நேராக உட்காராது. ஸ்கங்க்2 ப்ரோ சீரிஸும் இரண்டுக்கும் தனித்தனியாகத்தான் வருகிறது. விற்கிறவர் ‘பி சீரிஸ்’ என்று மட்டும் சொன்னால் அது பதில் இல்லை.

இரண்டு, மேனிஃபோல்டின் கீழ்ப்பக்கம் வேக்குவம் ஹோஸ் போகிற ஒரு டயஃப்ரமும் சின்னக் கை ஒன்றும் இருக்கிறதா? எஞ்சினை 6,000-க்கு மேல் தூக்கினால் அந்தக் கை அசைகிறதா?

சிப்புட்_ஈஜி

அண்ணே, பார்த்துவிட்டேன். ஹெட் பி72. கை இருக்கிறது, ஆனால் ஹோஸ் ஒன்று டேப் சுற்றி மடக்கிக் கட்டியிருக்கிறது. தம்பியை ஏற்றி ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொன்னேன், 6,500 வரைக்கும் கை அசையவே இல்லை. அது என்ன?

ஈப்போ_போமன்

அதுதான் ஐஏபி (இன்டேக் ஏர் பைபாஸ்). உன் பிரச்சினையும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்டெக்ரா ஜிஎஸ்ஆர், எஸ்ஐஆர்-ஜி மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு வழி. நீளமான ஒன்று, குட்டையான ஒன்று. குட்டை வழியில் பட்டர்ஃப்ளை (திறந்து மூடும் தகடு) இருக்கும். கீழ் ஆர்பிஎம்-மில் அது மூடியிருக்கும், காற்று நீள வழியில் மட்டும் போகும். ஒரிஜினல் ஈசியு 5,700, 5,800 பக்கம் வரும்போது அதைத் திறந்துவிடும்.

ஏன் அப்படி? இன்டேக் வால்வு மூடும்போது ஓடி வருகிற காற்று அதில் மோதும். அந்த அழுத்த அலை ரன்னர் (சிலிண்டருக்குப் போகிற குழாய்) வழியாகப் பிளீனத்துக்குப் போய்த் திரும்பி வரும். அடுத்த தடவை வால்வு திறக்கிற நேரத்துக்கு அலை சரியாக வந்தால், பிஸ்டன் இழுப்பதைவிடக் கூடக் கொஞ்சம் காற்று உள்ளே திணியும். கணக்கு போட்டுப் பார். 6,000 ஆர்பிஎம்-மில் ஒரு சுற்றுக்கு 10 மில்லி விநாடி, ஒரு சிலிண்டருக்கு ஒரு முழு வட்டம் 20. அதில் வால்வு மூடியிருப்பது ஏறக்குறைய 13. 30 சென்டிமீட்டர் ரன்னரில் அலை ஒரு தடவை போய் வர 2 மில்லி விநாடிகூட ஆகாது. அதாவது வால்வு மூடியிருக்கும்போது அலை பல தடவை போய் வந்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வலுவிழக்கும். ஆர்பிஎம் ஏற ஏற நேரம் சுருங்கும், அதனால் வழியும் சுருங்க வேண்டும். நீள ரன்னர் நடுப்பகுதிக்கு, குட்டை ரன்னர் மேலுக்கு என்று சொல்வது இதனால்தான்.

உன் காடியில் பட்டர்ஃப்ளை மூடியபடியே நிற்கிறது போலிருக்கிறது. 8,200 வரைக்கும் நீள வழியிலேயே மூச்சு விடுகிறது. அப்புறம் எப்படி இழுக்கும்? பி28 சாதாரண சிவிக்கின் ஈசியு. அதில் ஐஏபி-க்கு வேலையே இல்லை, வயரும் இருக்காது. எஞ்சின் இறக்கினவர் ஹோஸை மடக்கிக் கட்டிவிட்டுப் போயிருப்பார். இது நிறைய காடியில் பார்த்திருக்கிறேன்.

9000ஆர்பிஎம்

பட்டர்ஃப்ளையைக் கழற்றி எறிந்துவிட்டு எப்போதும் திறந்தே விட்டால் என்ன? நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

ஈப்போ_போமன்

ஓட்டலாம். மேலே கிடைக்கும், 5,000-க்குக் கீழே போய்விடும். நீ நாலு கியரும் சிவப்பிலேயே மாற்றுகிற ஆள், உனக்குத் தெரியாது. இந்தத் தம்பி எஸ்டேட் பம்ப் ஏறி இறங்கி, லோரிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் நிற்கிறவன். அவனுக்கு அந்தக் கீழ்ப்பகுதிதான் சாப்பாடு.

செம்பனை_லோரி

சின்ன சந்தேகம், கிராண்டில் 1,797 சிசி ஏறிவிட்டதென்றால் ரோட் டேக்ஸ் 278.80 வெள்ளியா? 1.5-க்கு 90 கட்டிக்கொண்டிருந்த காடிக்கு? தம்பிக்கு மனசு பெரிது.

சிப்புட்_ஈஜி

ஆமாம் அண்ணே, ஞாபகப்படுத்தாதீர்கள்.

போமன் அண்ணே, சரி, ஐஏபி-யை எப்படி உயிர்ப்பிப்பது? அதைச் செய்துவிட்டால் மேனிஃபோல்டே வேண்டாமா?

ஈப்போ_போமன்

முதலில் டயஃப்ரம் நல்லதா என்று பார். கைப்பம்ப் வைத்து வேக்குவம் கொடு, கை இழுத்துப் பிடித்து நிற்க வேண்டும். மெதுவாக விட்டுப் போனால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. பட்டர்ஃப்ளை தண்டில் எண்ணெய்க் கரி பிடித்திருந்தால் கார்ப் கிளீனர் விட்டுச் சுத்தம் பண்ணு. சொலினாய்டு (வேக்குவத்தைத் திறந்து மூடும் மின் வால்வு), வேக்குவம் டப்பா, செக் வால்வு இருக்கிறதா என்று தேடு. இல்லையென்றால் ஹாஃப்கட் கடையில் மேனிஃபோல்டோடு சேர்த்துக் கேள்.

ஓட்டுவதற்கு இரண்டு வழி. எஸ்300-ஐ பி72 போர்டுக்கு மாற்றி, வயர் ஒன்று இழுப்பது ஒழுங்கான வேலை. அது முடியாவிட்டால் தனி ஆர்பிஎம் சுவிட்ச் வைத்துச் சொலினாய்டை ஓட்டலாம்.

அப்புறம் முக்கியமானது. திறக்கிற ஆர்பிஎம்-மை ஒரிஜினல் எண்ணிலேயே விட்டுவிடாதே, உன் கேமும் ஹெடரும் வேறு. டைனோவில் (எஞ்சின் சக்தியை அளக்கும் கருவி) பட்டர்ஃப்ளையை மூடியபடி கட்டிவைத்து ஒரு ரன், திறந்தபடி கட்டிவைத்து ஒரு ரன். இரண்டு டார்க் (முறுக்கு விசை) கோடும் எங்கே வெட்டுகிறதோ அங்கே திறக்கச் சொல். இரண்டு ரன்னுக்கும் எரிபொருளைத் தனித்தனியாகச் சரி பார்க்க வேண்டும். ஹோண்டா மேப் சென்சார் (மேனிஃபோல்டு அழுத்தத்தை அளப்பது) வைத்துக் கணக்குப் போடுகிற எஞ்சின். ஒரே மேனிஃபோல்டு அழுத்தத்தில் உள்ளே போகிற காற்று மாறிவிட்டால் அதற்குத் தெரியாது, பழைய டேபிள் படியே ஊற்றும். மேனிஃபோல்டு மாற்றினால் ரீட்யூன் கட்டாயம் என்பதும் இதனால்தான். மேனிஃபோல்டுக்கு மட்டும் காசு வைத்துக்கொண்டு ட்யூனுக்கு வைக்காதவன் வாங்கவே கூடாது.

மேனிஃபோல்டு வேண்டுமா என்பதை அந்த டைனோ தாள் சொல்லும், நான் சொல்ல வேண்டியதில்லை.

சிப்புட்_ஈஜி

செய்தாகிவிட்டது. பி72 போர்டு கிடைத்தது, டயஃப்ரம் நல்லதுதான். கோடுகள் வெட்டினது 5,600 பக்கம். மெனோரா மேட்டில் இப்போது 6,000-க்கு மேல் அமுங்கவில்லை. 7,600 தாண்டினால் பவர் கொஞ்சம் இறங்குகிறது. அந்த ஸ்கங்க்2 இன்னும் விற்கவில்லையாம். கை அரிக்கிறது.

ஈப்போ_போமன்

7,600-க்கு மேல் எவ்வளவு நேரம் ஓட்டுகிறாய்? இந்தக் கேமோடு 8,200 வரைக்கும் பிடித்துவைத்தும் லாபமில்லை, 7,800-ல் கியரை மாற்று. நாளைக்கு டைப் ஆர் கேமோ அதற்கும் மேலோ போட்டு, வால்வு ஸ்பிரிங் மாற்றி 8,500-க்குப் போனால் அப்போது ஒற்றைப் பிளீனம், குட்டை ரன்னர். அந்த நாளைக்கு ஸ்கங்க்2-வை எடு. அந்தக் காப்பி சாமானை எனக்குக் காட்டாதே. ஃபிளேஞ்சில் (ஹெட்டோடு ஒட்டும் தட்டை முகம்) ஸ்டீல் ரூலரை வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிற சாமான் நிறைய. எத்தனை இறுக்கினாலும் கேஸ்கட்டில் காற்று கசியும், ஐடில் ஏறி இறங்கும், அப்புறம் ஐஏசிவி-யை (ஐடில் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) குற்றம் சொல்லிக்கொண்டு திரிவார்கள். 70 மில்லி த்ரோட்டில் பாடியும் இப்போது வேண்டாம். 1.8 லிட்டருக்குக் கால்வாசி மிதித்தாலே எல்லாக் காற்றும் போய்விடும், ஜாமில் காடி குதிக்கும்.

செம்பனை_லோரி

நான் சொல்வது கேம் இல்லாமலும் விலை குறைந்தால் எடுத்து வைக்கலாம். நல்ல பி72 சாமான் அடிக்கடி வருவதில்லை.

ஈப்போ_போமன்

அதுவும் சரி. அப்படிப் போவதானால் புது பி72 இன்டேக் கேஸ்கட் ஒன்று வாங்கிக் கையில் எடுத்துக்கொண்டு போ. ஃபிளேஞ்ச் மேல் வை. போல்ட் ஓட்டை எல்லாம் நேராக வந்தால் பேசு, இல்லையென்றால் டீ குடித்துவிட்டு வா. ஃபியூல் ரெயில், ஐஏசிவி, பிரேக் பூஸ்டர் ஹோஸ் மூன்றும் எங்கே வருகிறது என்றும் கேள். மாட்டும்போது நட்டை நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று சுற்றாக, 23 நியூட்டன் மீட்டர்.

சிப்புட்_ஈஜி

அவர் அனுப்பின படத்தில் ஃபிளேஞ்ச் தெரியவில்லை, ஹெட் எது என்றும் அவருக்குத் தெரியவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை கேஸ்கட்டோடு போகிறேன்.