டான் மரபணுவின் என்ஹான்சர் பற்றி ஒரு சந்தேகம், உதவுங்கள்

நண்பர்களே, பழ ஈக்களின் நிறம் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன், ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன். டிரோசோஃபிலா யாகுபா ஆண் ஈயின் வயிற்று நுனி கருப்பு. சாவோ தோமே தீவில் மட்டும் இருக்கும் அதன் நெருங்கிய உறவான சாண்டோமியாவுக்கோ உடல் முழுக்க மஞ்சள். இதற்கு ஒரு முக்கியக் காரணம், கருப்பு நிறமி உருவாகத் தேவையான டான் மரபணுவை வயிற்றுப் பகுதியில் இயக்கும் என்ஹான்சர் (மரபணு எங்கே, எவ்வளவு இயங்கணும் என்று தீர்மானிக்கும் டி.என்.ஏ. துண்டு) கெட்டுப்போனது, அதுவும் ஒரே விதமாக அல்ல, தனித்தனி மாற்றங்களால் குறைந்தது மூன்று முறை! ஆனால் அந்த மரபணு உருவாக்கும் புரதம் அப்படியே இருக்கிறது. டான் புரதம் கண்ணிலும் ஹிஸ்டமினை (பார்வைச் செய்தியைக் கடத்தும் வேதிப்பொருள்) திரும்ப உருவாக்கத் தேவைப்படுகிறது, அதனால் புரதமே கெட்டால் பார்வையும் பாதிக்கும் என்பது வரை எனக்குப் புரிகிறது.

சரி, என் கேள்வி இதுதான். இரண்டு இனங்களையும் கலந்து பெற்ற கலப்பினப் பெண் ஈயில் (டான் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் ஈயில் ஒரே பிரதிதான் இருக்கும்), ஒவ்வொரு பெற்றோரின் டான் பிரதியும் எவ்வளவு ஆர்.என்.ஏ. தருகிறது என்று தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டு பிரதிகளும் ஒரே செல்லில், ஒரே புரதங்களின் நடுவே இருப்பதால், மாற்றம் என்ஹான்சரிலா, அதை இயக்கும் வேறு புரதங்களிலா என்று பிரித்தறிய இதைவிட நேரடியான வழி எனக்குத் தெரியவில்லை. கூட்டுப்புழுவின் கடைசிக் கட்டத்தில் எத்தனையாவது மணி நேரத்தில் வயிற்றுத் தோலை எடுப்பது நல்லது? ஒப்பிட எடுக்கும் பெற்றோர் இனங்களில் ஆண் பெண் இரண்டையும் தனியாக எடுக்கணுமா? இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், சொதப்பிய அனுபவமாக இருந்தாலும் பரவாயில்லை.