டிஸ்பேஸ் தொகுப்பு: கோப்புகளாக வெளியே எடுப்பதா, டேட்டாபேஸோடு விடுவதா?

செல்லூரான்:
மதுரையில் ஒரு சிறு நூலகம். பழைய இதழ்கள், ஓலைச்சுவடிப் படங்கள் எல்லாம் டிஸ்பேஸ் என்ற மின்நூலக மென்பொருளில் ஏறியிருக்கின்றன. 20 வருடம் கழித்து அந்த மென்பொருளே இல்லாவிட்டாலும் படிக்க முடிய வேண்டும் என்று கேட்கிறார்கள். சாதாரணக் கோப்புகளாக எடுத்துவிடுங்கள் என்பது என் கட்சி. அது கோப்புகளைப் போட்டு வைக்கும் அசெட்ஸ்டோர் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள்: பெயர் கிடையாது, பின்னொட்டு கிடையாது, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு நீள எண்தான். எது இதழ், எது ஓலை என்பது பின்னால் இருக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு மட்டுமே தெரியும். அது போனால் மிச்சம் பேர் எழுதாத மசாலா டப்பா வரிசை.

மேலூர்க்காரன்:
அண்ணே, அதுக்குத்தான் டேட்டாபேஸை நகலெடுக்கும் பிஜி டம்ப் இருக்கே. பிளெயின் (வெறும் உரை) வடிவில் எடுத்தால் நோட்பேடிலேயே திறக்கும். வேண்டுமானால் ஒரே கோப்பில் அடங்கும் எஸ்கியூலைட் டேட்டாபேஸாக மாற்றி வையுங்கள். தரவுத் தொகுப்புகளுக்கு அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பரிந்துரைக்கும் வடிவங்களில் அதுவும் உண்டு. லட்சக்கணக்கில் உதிரிக் கோப்பு வைத்து எல்டிஓ டேப்பில் (காப்புக்கான காந்த நாடா) ஏற்றிப் பாருங்கள், நின்று நின்று ஓடும்.

செல்லூரான்:
திறப்பது வேறு, புரிவது வேறு தம்பி. தலைப்பு ஒரு டேபிளில், அது தலைப்புதான் என்று சொல்வது இன்னொன்றில், கோப்புக்குப் போகும் வழி, கோப்புகளைக் கட்டாகச் சேர்க்கும் பண்டில் டேபிள் வழியாக. பெரிய டம்ப்பில் இதைக் கண்ணால் கோக்க முடியாது. டிஸ்பேஸின் எக்ஸ்போர்ட் கட்டளையில் நூலுக்கு ஒரு ஃபோல்டர் வரும். உள்ளே படங்கள், தலைப்பு, ஆசிரியர் போன்ற விவரங்கள் அடங்கிய டப்ளின் கோர் எக்ஸ்எம்எல், கோப்புப் பட்டியல். அனுமதி விவரமும் வேண்டும் என்றால் ஏஐபி என்ற காப்பகப் பொதி ஜிப், உள்ளே எல்லா விவரத்தையும் கோக்கும் மெட்ஸ் எக்ஸ்எம்எல்லோடு. டேப்புக்கு எல்லாவற்றையும் ஒரே டார் கோப்பாகக் கட்டினால் தீர்ந்தது. எண்ணிக்கையைவிட அளவுதான் பெரிது: ஏ5 பக்கம் 400 டிபிஐ வண்ண டிஃப் படம் சுமார் 23 எம்பி, 300 பக்க நூல் 7 ஜிபி.

திருமங்கலம்:
இரண்டு பேரும் கோப்புப் பெயரை விட்டுவிட்டீர்கள். தமிழில் பெயர் வைத்தால் இங்கேதான் இடிக்கும். 'கொ'வில் வரும் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனியாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், யுடிஎஃப்-8இல் 'கொ' முதல் வகையில் 6 பைட், இரண்டாவதில் 9. பழைய மேக் வட்டான எச்எஃப்எஸ் பிளஸ் இரண்டாகப் பிரித்தே எழுதும், லினக்ஸுக்கு அவை வெவ்வேறு பெயர்கள். அந்த வட்டு வழியாகப் போய்வந்த பேக்இட் பையை (கோப்புகளும் அவற்றின் சரிபார்ப்புப் பட்டியலும் சேர்ந்த ஃபோல்டர்) சரிபார்த்தால், கோப்பு கண்முன் கிடக்கும், கருவியோ காணோம் என்று சொல்லலாம்.

இன்னொன்று, லினக்ஸ் வட்டு அமைப்பான எக்ஸ்ட்4இல் ஒரு பெயருக்கு 255 பைட்தான். தமிழில் 85 குறியீடு. புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. நீளமான புராணத் தலைப்பு தாங்காது.

அதனால் ஃபோல்டருக்கு எண், தமிழ்த் தலைப்பு எக்ஸ்எம்எல்லுக்குள். எக்ஸ்எம்எல்லையும் திறந்து பாருங்கள்: யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டிய எக்செலிலிருந்து வந்திருந்தால், எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் கிறுக்கல்தான். 1998 பொங்கலன்று தொடங்கிய, தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டமும் (பெயரில்தான் மதுரை, உழைத்தவர்கள் உலகெங்கும்) டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் போட்ட நூல்களைப் பிறகு யூனிகோடுக்கு மாற்றவேண்டி வந்தது.

மேலூர்க்காரன்:
சரி, பெயர் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். திருத்தம் வந்தால்? ஓர் எக்ஸ்எம்எல் மாறியதற்கு 7 ஜிபி பையை மறுபடி கட்டுவதா?

திருமங்கலம்:
அதற்கு ஓசிஎஃப்எல் என்ற, கோப்புகளைப் பதிப்பு வாரியாக அடுக்கும் முறை இருக்கிறது. அந்த முறையின் முதல் பதிப்பு 2020இல் வந்தது, டிஸ்பேஸ் போன்ற இன்னொரு மென்பொருளான ஃபெடோரா 6 இதில்தான் சேமிக்கிறது. நூலின் முதல் பதிப்பு இருக்கும் வி1 ஃபோல்டரைத் தொட வேண்டாம். மாறிய எக்ஸ்எம்எல் மட்டும் வி2இல் போகும். எந்தப் பதிப்பில் எந்தக் கோப்பு என்பதை இன்வென்டரி ஜேசான் என்ற பட்டியல் கோப்பு ஷா-512 சரிபார்ப்பு மதிப்போடு சொல்லும். அதன் நகலை ஒவ்வொரு பதிப்பு ஃபோல்டரிலும் வையுங்கள். டிஸ்பேஸ் இதைத் தானாகச் செய்யாது, எக்ஸ்போர்ட்டிலிருந்து ஸ்கிரிப்ட் போட வேண்டும்.

செல்லூரான்:
பிரதி வைக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று சிம்மக்கல்லில், ஒன்று கோரிப்பாளையத்தில் என்றால் கரைதான் இரண்டு, வைகை ஒன்றே. ஒன்றாவது திண்டுக்கல்லுக்குப் போகட்டும்.

மேலூர்க்காரன்:
போகட்டும். ஆனால் தினசரி டம்ப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள். நாளைக் காலை சர்வர் படுத்தால் தூக்கி நிறுத்துவது அதுதான், உங்கள் எக்ஸ்எம்எல் இல்லை.