படிக்க முடிகிற உலக வரலாற்றுப் பாடநூல்: எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

மாலைவகுப்பு:
வணக்கம். வரும் செமஸ்டரில் முதலாமாண்டு மாணவர்களுக்கு 1500க்குப் பிந்தைய உலக வரலாறு எடுக்கப் போகிறேன். பாதிப் பேருக்கு வரலாறு முதன்மைப் பாடம் இல்லை. இதுவரை வைத்திருந்த நூல் 900 பக்கத்துக்கு மேல். தகவலில் குறை சொல்ல முடியாது, ஆனால் போன முறை மூன்றாவது வாரத்திலேயே யாரும் படித்துவிட்டு வரவில்லை என்று தெரிந்துவிட்டது. நானே அத்தியாயத்தைச் சுருக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். அதோடு, படித்துவிட்டு வந்த இரண்டு மூன்று பேரும் நிறுத்திவிட்டார்கள்.

இப்போது கையில் இரண்டு நூல்கள். ஒன்று 300 பக்கம், கதை போல ஓடுகிறது. இன்னொன்று 700 பக்கம், வரைபடங்களும் பெட்டிச் செய்திகளும் நிறைய. சின்னதை எடுத்தால் ஆழம் போய்விடுமோ என்று பயம். எதை வைத்து முடிவெடுப்பது?

பழைய வாத்தியார்:
பக்க எண்ணிக்கையை முதலில் ஒதுக்கி வையுங்கள். புதிதாக எந்த நூல் வந்தாலும் நான் முதலில் படிப்பது ஒரே ஒரு இடத்தைத்தான்: பிரெஞ்சுப் புரட்சி அத்தியாயத்தில் ஹைட்டி எப்படி வருகிறது? உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேறு பகுதி இருந்தால் அதுவும் சரி.

"1794இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது." இந்த மாதிரி ஒரு வரியோடு கடந்துபோகும் நூல்கள் உண்டு. வரி எளிமையானது, தவறும் இல்லை. ஆனால் ஒழித்தது யார்? 1791 ஆகஸ்டில் சான் டொமிங்கின் (ஹைட்டிக்கு அப்போதைய பெயர், கரீபியனில் பிரான்சின் குடியேற்றம்) கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களை அடக்கவும் முடியாமல், பிரிட்டனோடும் ஸ்பெயினோடும் போரும் மூண்டுவிட்ட நிலையில், பிரான்ஸ் அனுப்பிய ஆணையர்கள் 1793இல் அங்கேயே விடுதலையை அறிவித்தார்கள். பாரிஸில் இருந்த பேரவை 1794 பிப்ரவரி 4 அன்று அதை எல்லாக் குடியேற்றங்களுக்குமான சட்டமாக்கியது. 1802இல் நெப்போலியன் அடிமை முறைக்கு மறுபடி உயிர் கொடுத்தார். சான் டொமிங் மக்கள் அவருடைய படையைத் தோற்கடித்து, 1804 ஜனவரி 1 அன்று ஹைட்டியைத் தனி நாடாக அறிவித்தார்கள். இத்தனை பேர் செய்ததை அந்த ஒரு 'பட்டது' விழுங்கிவிடுகிறது.

அதனால் ஒன்று செய்யுங்கள். ஒரு பக்கத்தை எடுத்து 'கொண்டுவரப்பட்டது', 'நிறைவேற்றப்பட்டது', 'ஏற்பட்டது' எல்லாவற்றுக்கும் அடியில் பென்சிலால் கோடு போடுங்கள். கோடுகள் நெருக்கமாக விழுந்தால், சொற்கள் எவ்வளவு எளிதாக இருந்தாலும் மாணவருக்கு அந்தப் பக்கம் கடினம்தான். யார் செய்தார், ஏன் செய்தார் என்று தெரியாத செய்தி மனதில் தங்காது. அப்புறம் அதே பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உங்களுக்கு மூச்சு வாங்குகிற இடத்தில் அவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

இன்னொன்று, இதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்: அத்தியாயத்தைச் சுருக்கிச் சொல்வதை நிறுத்துங்கள். நானும் பல வருடம் அதைச் செய்தேன். நூல் சொன்னதையே நாமும் சொன்னால் இரண்டில் ஒன்று வீண்.

இரண்டாமாண்டு மாணவி:
படிக்கிற பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. பெட்டிச் செய்திகள் எனக்கு இடைஞ்சல். ஒரு பத்தி பாதியில் இருக்கும்போது பெட்டிக்குள் போனால், திரும்பி வரும்போது விட்ட இடம் மறந்துவிடும். எங்கள் ஆசிரியர் ஒருவர் '40 பக்கம் படித்து வாருங்கள்' என்று சொல்லமாட்டார். 15 பக்கமும் ஒரு கேள்வியும் தருவார். 1789இல் பிரெஞ்சு அரசர் ஏன் மூன்று வகுப்பாரின் (குருமார், பிரபுக்கள், பொதுமக்கள்) அவையைக் கூட்ட வேண்டி வந்தது, இதுதான் ஒருமுறை கேள்வி. கஜானா காலி, கடனுக்கு வட்டி கட்டவே வழியில்லை என்ற விஷயத்தைத் தேடிக்கொண்டே போனதில் மொத்தத்தையும் படித்து முடித்துவிட்டேன்.

வரைபடப்பிரியன்:
நான் தடித்த நூலின் பக்கம். கதை போல ஓடும் நூலில், இன்றைய பொலிவியாவின் வெள்ளிச் சுரங்க நகரமான போட்டோசி எங்கே இருக்கிறது, அங்கே வெட்டிய வெள்ளி மணிலா வழியாகச் சீனாவுக்கு எப்படிப் போனது என்று காட்ட ஒரு படம்கூட இல்லாவிட்டால் என்ன செய்வது? சொல்லடைவும் நன்றாக இருக்க வேண்டும். தேர்வுக்கு முன் மாணவர் திறப்பது அதைத்தான்.

மாலைவகுப்பு:
எல்லோருக்கும் நன்றி. நேற்று பென்சிலோடு உட்கார்ந்தேன். பெரிய நூலில் ஹைட்டிக்கு ஒன்றரைப் பக்கம் இருக்கிறது, ஆனால் கோடு போட்டு மாளவில்லை. சின்ன நூலில் மனிதர்கள் நடமாடுகிறார்கள், காரணங்கள் கோத்து வருகின்றன. ஹைட்டி மட்டும் ஒரே வரி! இப்போது என்ன செய்ய?

பழைய வாத்தியார்:
சின்னதை எடுங்கள். இல்லாததை நாம் சேர்க்கலாம். புரியாமல் எழுதியதை ஒவ்வொரு வாரமும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க முடியாது. தடித்ததை நூலகத்தில் எடுத்துப் பார்க்கும் நூலாக வையுங்கள், வரைபடத்துக்கு. வரைபடப்பிரியன் சொன்னது நியாயம். ஆங்கிலம் படிப்பவர்களுக்கு ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் திட்டம் உலக வரலாற்றுப் பாடநூலை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. இரண்டாம் தொகுதி 1400இலிருந்து தொடங்குவதால் உங்கள் பாடத்துக்குப் பொருந்தும்.

அந்த ஒற்றை வரியையே ஒரு வகுப்பாக்கலாம். பிரெஞ்சுப் புரட்சியின் மனித, குடிமகன் உரிமைப் பிரகடனம், 1789 ஆகஸ்ட் 26, மொத்தம் 17 பிரிவுகள். அதன் முதல் பிரிவையும், பிரெஞ்சுப் பெண் எழுத்தாளர் ஒலிம்ப் தெ கூஜ் 1791இல் பெண்களுக்காக எழுதிய பிரகடனத்தின் முதல் பிரிவையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுங்கள். அவரும் 17 பிரிவுகள்தான் எழுதினார். 1793 நவம்பரில் கில்லட்டினில் அவர் தலையை வெட்டினார்கள். கூடவே ஒரு மூன்றாவது வரி: ஹைட்டியின் விடுதலையை ஏற்க 1825இல் பிரான்ஸ் கேட்ட விலை 15 கோடி பிராங்க்.

அப்புறம் பாடநூலின் அந்தப் பத்தியைத் திறந்து, 'இதை நீங்கள் எப்படித் திருத்தி எழுதுவீர்கள்?' என்று கேளுங்கள். அரை மணி நேரம் விடுங்கள். நான் முதல் தடவை செய்தபோது, அதுவரை வாயே திறக்காத ஒரு பையன் 'ஒழிக்கப்பட்டது' என்பதை அடித்துவிட்டு 'ஒழிக்க வைத்தார்கள்' என்று எழுதி வந்து காட்டினான். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

மாலைவகுப்பு:
சின்ன நூலுக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன் சார். முதல் வாரம் 15 பக்கம், ஒரு கேள்வி. ஹைட்டி வகுப்பு ஆறாவது வாரம் வருகிறது. முடிந்ததும் மாணவர்கள் எழுதிய பத்திகளோடு இங்கே வருகிறேன்.