பெர்சே பேரணிகளால் உண்மையில் என்ன மாறியது?

கிள்ளான்பையன்:
மலேசியாவின் 2022 பொதுத் தேர்தல்தான் எனக்கு முதல் ஓட்டு. அப்போது 19 வயது. எங்கேயும் போய்ப் பதியவில்லை, பெயர் தானாகவே பட்டியலில் இருந்தது. போனேன், விரலில் மை வைத்தார்கள், வந்துவிட்டேன். வீட்டில் இதைச் சொன்னால் மாமா "இதுக்குத்தான்டா நாங்க கண்ணீர்ப்புகை வாங்குனோம்" என்கிறார். அத்தையோ "வெயில்ல நடந்ததுதான் மிச்சம்" என்கிறார். இரண்டு பேருமே பேரணிக்குப் போனவர்கள்! நியாயமான தேர்தல் கேட்டு பெர்சே இயக்கம் 2007 முதல் 2016 வரை ஐந்து பேரணி நடத்தியிருக்கிறது, இதில் எது பேரணியால் கிடைத்தது, எது எப்படியும் வந்திருக்கும்? கட்சிச் சண்டை வேண்டாம் ப்ளீஸ்.

செந்தூல்காரன்:
தம்பி, உங்கள் விரலில் வைத்த மையின் கதையை மட்டும் கேளுங்கள், மீதி புரிந்துவிடும். 2007 நவம்பர் 10 அன்று மாமன்னரிடம் மனு கொடுக்கப் போனபோது கேட்ட நான்கு கோரிக்கைகளில் அழியா மையும் ஒன்று. எஸ்பிஆர் (தேர்தல் ஆணையம்) சரி என்று சொல்லி இந்தியாவிலிருந்து மையை வாங்கியும் வைத்தது, பிறகு 2008 மார்ச் 8 தேர்தலுக்கு நான்கு நாள் இருக்கும்போது வேண்டாம் என்று ரத்து செய்துவிட்டது. அப்புறம் 2011 ஜூலை 9. பெர்சேயின் மஞ்சள் சட்டை போட்டாலே பிடித்துக்கொண்டு போன நேரம் அது, நான் வெள்ளைச் சட்டையில்தான் போனேன், பையில் ஈரத்துண்டும் ஒரு பொட்டலம் உப்பும் (புகை அடித்தால் நாக்கில் வைத்துக்கொள்ள). அன்று 1,600 பேருக்கு மேல் கைது. துங் ஷின் மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே புகைக்குண்டு விழுந்தது, அரசாங்கம் முதலில் அதை இல்லவே இல்லை என்றது. ஆனால் அதே வருடம் அக்டோபரில் தேர்தல் சீர்திருத்தத்துக்கு நாடாளுமன்றத் தேர்வுக்குழு அமைத்தார்கள், 2012 ஏப்ரலில் அது 22 பரிந்துரை கொடுத்தது. 2013 தேர்தலில் ஒருவழியாக மை வந்தது. வந்த மை கழுவினால் போய்விடுகிறது என்று ஊரே சிரித்தது, தேர்தல் முடிந்த பிறகு ஓர் அமைச்சரே அதில் இருந்தது உணவுச் சாயம்தான் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். இதுதான் நம் ஊர் சீர்திருத்தம். கொடுப்பார்கள், பாதிதான் கொடுப்பார்கள், மீதிக்கு மறுபடி தெருவுக்கு வர வேண்டும்.

மலர்_ஈப்போ:
பெர்சேக்குத் தலைமை தாங்கிய அம்பிகா சீனிவாசனைச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்காதீர்கள் அண்ணா. 2012 ஏப்ரல் 28 பேரணிக்குப் பிறகு அவர் வீட்டு வாசலிலேயே சிலர் கடை போட்டு மாட்டிறைச்சி பர்கர் சுட்டார்கள், அடுத்து முன்னாள் ராணுவத்தினர் சிலர் வந்து பின்புறத்தை ஆட்டி உடற்பயிற்சி செய்தார்கள். நம் சமூகத்துப் பெண், வழக்கறிஞர் மன்றத்துக்கே தலைவராக இருந்தவர். ஆத்திரப்பட்டு ஒரு வார்த்தை தவறி விடுவார் என்று காத்திருந்தார்கள், நடக்கவில்லை. அப்புறம் 2007இல் முதல் பெர்சே முடிந்து சரியாகப் பதினைந்தாம் நாள், இந்தியர் உரிமை கேட்டு ஹிண்ட்ராஃப் பேரணி. இரண்டும் அடுத்தடுத்து நடந்ததால்தான் 2008இல் ஆளும் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையை இழந்தது என்பது என் கருத்து. எங்கள் பேரா மாநிலத்தில் ஆட்சியே மாறியது.

கூலிம்_குமார்:
எல்லாம் சரி, கொஞ்சம் தரைக்கு வாருங்கள். 2018 மே 9 அன்று ஆட்சி மாறியதற்குக் காரணம் 1எம்டிபி (அரசு முதலீட்டு நிதி) ஊழல், ஜிஎஸ்டி வரி, முன்னாள் பிரதமர் மகாதீர் எதிர்க்கட்சிப் பக்கம் மாறியது, இவைதான். 2020 பிப்ரவரியில் எம்பிக்கள் சிலர் தாவியதும் அந்த அரசே கவிழ்ந்தது, ஓட்டு போட்டவனை யார் கேட்டார்கள்? இன்னொன்று, 2022இல் பாங்கி தொகுதியில் 3 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள், பக்கத்திலேயே புத்ராஜெயாவில் 42 ஆயிரம் பேர். இரண்டுக்கும் ஆளுக்கு ஓர் எம்பி! 2013இலேயே எதிர்க்கட்சிகள் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கியும், சுமார் 47 விழுக்காடு வாங்கிய முன்னணிக்குத்தான் 222இல் 133 இடம். அத்தை சொல்வதில் தப்பில்லை.

செந்தூல்காரன்:
குமார், தொகுதி எல்லை விஷயத்தில் உங்களோடு சண்டையே இல்லை. 1957 அரசியலமைப்பில் 15 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றத்தாழ்வு கூடாது என்று இருந்தது, தளர்த்தித் தளர்த்தி 1973இல் வரம்பையே எடுத்துவிட்டார்கள். ஆனால் 1எம்டிபிக்காகக் கோபப்பட்டவர்களின் ஓட்டை எண்ணும்போது அறைக்குள் யார் உட்கார்ந்திருந்தார்கள்? என்னோடு பேரணிக்கு வந்தவர்களில் பலர் பிறகு சாவடி முகவராகப் பயிற்சி எடுத்தார்கள். 2018இல் நானும் ஒரு பள்ளியில் உட்கார்ந்தேன். எண்ணி முடித்த பிறகும் அந்த அதிகாரி போராங் 14இல் (வாக்கு எண்ணிக்கைப் படிவம்) கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தார், நாங்களும் நகரவில்லை, போட்ட பிறகு பிரதியை வாங்கி, படமும் எடுத்துக்கொண்டுதான் எழுந்தோம். அப்புறம் 2019இல் 18 வயதும் தானியங்கிப் பதிவும் ஒரே திருத்தத்தில் நிறைவேறின. அதனால்தான் சுமார் 15 மில்லியனாக இருந்த பட்டியல் 2022இல் 21 மில்லியனைத் தாண்டியது. நீங்கள் சொன்ன தாவலுக்கும் 2022இல் தடைச்சட்டம் வந்தாயிற்று.

கிள்ளான்பையன்:
நன்றி அண்ணா, அக்கா, குமார் அண்ணா. அப்படியென்றால் எல்லை விஷயத்தில் என் மாதிரி ஆள் செய்ய ஏதாவது இருக்கிறதா, இல்லை அதுவும் அடுத்த பேரணிக்குத்தானா?

கூலிம்_குமார்:
இருக்கிறது. மறுவரையறை என்று எஸ்பிஆர் வரைபடத்தைக் காட்சிக்கு வைத்தால் தொகுதியில் 100 வாக்காளர்கள் சேர்ந்து எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம், கொடுத்தால் அவர்கள் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். எட்டு வருடத்துக்குள் மறுபடி செய்ய முடியாது, தீபகற்பத்தில் கடைசியாக முடிந்தது 2018இல், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதம்தான் அவகாசம், வரைபடம் வந்த பிறகு ஆள் தேடினால் 100 கையெழுத்து சேராது, இப்போதே உங்கள் தாமானில் (குடியிருப்பில்) கேட்டு வையுங்கள்.