பாப்பாவின் முதல் வருட ஆல்பம்: வெட்டி ஒட்டுவதா, கணினியிலா?

கேள்வி: கான்வா என்ற வடிவமைப்புச் செயலியில் செய்து அச்சடித்தால் வேலை குறைவு. ஆனால் ஆஸ்பத்திரியில் கட்டிய கைப்பட்டை, ஸ்கேன் படம் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். எது நல்லது?

பதில் 1: கைப்பட்டை இருக்கும்போது காகிதம்தான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது! அமிலமில்லாத தாளாகப் பார்த்து வாங்குங்கள், மலிவான தாளில் லிக்னின் (மரத்தில் இருக்கும் ஒரு பொருள்) இருந்தால் மஞ்சளாகிவிடும், பிவிசி பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். ஸ்கேன் படம் பெரும்பாலும் வெப்பத்தாளில்தான் (சூட்டில் அச்சாகும் தாள்) வரும், நாளாக ஆக மங்கும். இப்போதே நகல் எடுத்துவிடுங்கள்.

பதில் 2: இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிக்கும் பிரதி வேண்டாமா? எனக்கு டிஜிட்டல்தான் சரி. 12 அங்குலப் பக்கம் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சாக 3600 பிக்சல் வேண்டும், வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படம் தாங்காது.

கேட்டவர்: சரி, ஒட்டிவிட்டு ஸ்கேன் செய்து பிரதி போடுகிறேன். அமிலமில்லாத தாள் மதுரையில் எங்கே கிடைக்கும்?