ஆப் திறந்த உடனே மூடிக்குது, சர்வரும் கிடைக்கல

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்):
கோயில் அன்னதானப் பதிவுக்கு ஆண்ட்ராய்டு ஆப் ஒன்னு செஞ்சிக்கிட்டு இருக்கேன், எமுலேட்டர்ல (லேப்டாப்லயே ஓடுற போலி போன்) நல்லா ஓடுது ஆனா ஹேண்ட்போன்ல போட்டா சில நேரம் திறந்த உடனே மூடிக்குது, திறந்தாலும் லேப்டாப்ல ஓடுற சர்வர் கிடைக்க மாட்டேங்குது, அட்ரஸ் 10.0.2.2 குடுத்திருக்கேன். தைப்பூசத்துக்குள்ள முடிக்கணும், உதவுங்க அண்ணே.

பதில் (பட்டர்வொர்த்):
தம்பி, 10.0.2.2ங்கிறது லேப்டாப்பைக் குறிக்கிறது எமுலேட்டருக்கு மட்டும்தான். போனுக்கு லேப்டாப்போட வைஃபை ஐபியைப் போடுங்க, ரெண்டும் ஒரே வைஃபைல இருக்கணும், சர்வரை 0.0.0.0ல ஓட விடுங்க, அப்பதான் வெளியேருந்து வர்ற போனையும் ஏத்துக்கும். கேபிள் இருந்தா ஏடிபி ரிவர்ஸ் (adb reverse, கேபிள் வழியா போனை லேப்டாப் சர்வரோட இணைக்கிற கட்டளை) இன்னும் நிம்மதி.

பதில் (செந்தூல்):
ஆண்ட்ராய்டு 9லேருந்து வெறும் எச்டிடிபியை (HTTP, மறையாக்கம் இல்லாத இணைப்பு) தானாவே தடுத்துடும், அதையும் பாருங்க. டெஸ்டுக்கு மட்டும் திறந்து விடுங்க, பக்தர்களோட பேரு நம்பரெல்லாம் போற ஆப், எச்டிடிபிஎஸ் இல்லாம வெளியிடவே வேணாம். மூடிக்கிறதுக்கு ஊகம் பண்ணாதீங்க, லாக்கேட்ல (Logcat, ஆண்ட்ராய்டு ஸ்டூடியோல போனோட பதிவுகளைக் காட்டுற இடம்) FATAL EXCEPTIONனு தேடி அதுக்குக் கீழ வர்ற Caused by வரியை இங்க ஒட்டுங்க.