3 கி.மீ. மாடலுக்குக் குறைந்த மதிப்பெண் வருவது ஏன்?

கேள்வி – கடலோரவாசி

வணக்கம். முதுகலை ஆய்வுக்காக, 2021 டிசம்பர் 30 பிற்பகலில் சென்னையில் எதிர்பாராமல் கொட்டித் தீர்த்த மழையை டபிள்யூ.ஆர்.எஃப். என்ற கணினி வானிலை மாடலில், 27, 9, 3 கி.மீ. கட்ட அளவுகள் கொண்ட மூன்று அடுக்குகளாக ஓட்டிப் பார்த்தேன். 3 கி.மீ. அடுக்கில், கடலிலிருந்து கரையேறும் குறுகிய மழைப்பட்டை ரேடார் படத்தில் உள்ளதைப் போலவே உருவானது. ஆனால் மழை நகரை விட்டுவிட்டு ஏறத்தாழ 25 கி.மீ. வடக்கே பெய்தது. 9 கி.மீ. அடுக்கிலோ பட்டையே இல்லை. கடலோரம் நெடுக லேசான மழை பரவிக் கிடக்கிறது. நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் உள்ளிட்ட மழைமானிகளின் டிசம்பர் 30 அளவுகளோடு ஒப்பிட்டு ஆர்.எம்.எஸ். பிழையை (வித்தியாசங்களின் வர்க்கச் சராசரியின் வர்க்கமூலம்) கணக்கிட்டால், 9 கி.மீ. அடுக்கே மேல் என்று வருகிறது. கண்ணுக்கு நன்றாகத் தெரிவது கணக்கில் தோற்பது ஏன்? கணிப்பு சரியாக அமைந்த கட்டங்களின் சதவீதத்தைப் போட்டாலே போதும் என்று நெறியாளர் சொல்கிறார். அது சரியா?

பதில் – இடிமுகில்

இதற்கு ‘இரட்டைத் தண்டனை’ என்றே பெயர். பட்டை இடம் மாறியதால், மழை பெய்த இடத்தில் கோட்டைவிட்டதற்கு ஒரு முறையும், பெய்யாத இடத்தில் பொய்யாகச் சொன்னதற்கு இன்னொரு முறையும் உங்கள் மாடல் அடி வாங்குகிறது. எதையும் அழுத்தமாகச் சொல்லாத 9 கி.மீ. அடுக்குக்கு முதல் அடி மட்டுமே, அதுவும் மென்மையாக.

இதைச் சமாளிக்கவே பிரிட்டன் வானிலை அலுவலகத்தின் ராபர்ட்ஸும் லீனும் 2008இல் ‘ஃப்ராக்‌ஷன்ஸ் ஸ்கில் ஸ்கோர்’ என்ற அளவையை முன்வைத்தார்கள். கட்டத்துக்குக் கட்டம் ஒப்பிடாமல், ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றி 27 கி.மீ. பக்கமுள்ள ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 81 கட்டங்கள் இருக்கும். 50 மி.மீ. தாண்டியவை ரேடாரில் 20, மாடலில் 18 என்றால், அவற்றில் ஒன்றுகூட ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்தச் சதுரத்தைப் பொறுத்தவரை கணிப்பு நல்ல கணிப்பே. சதுரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், மதிப்பெண் பொதுவாக 0 பக்கத்திலிருந்து 1 நோக்கி ஏறும். மொத்தப் பரப்பில் மழை வரம்பைத் தாண்டிய பகுதியின் பின்னத்தில் பாதியை 0.5 உடன் கூட்டினால் வரும் எண்ணை, மதிப்பெண் எந்தச் சதுர அளவில் தாண்டுகிறது என்று பாருங்கள். அந்த அளவிலிருந்துதான் உங்கள் மாடலை நம்பலாம். எப்படியும் 3 கி.மீ. கட்டம் என்பதற்காக 3 கி.மீ. விவரம் கிடைத்துவிடாது. மாடல் உண்மையில் பிரித்தறிவது கட்ட அளவைப் போல ஏழு மடங்கு, அதாவது சுமார் 20 கி.மீ. அளவில்தான் என்று மாடல் ஆய்வாளர் ஸ்காமராக் 2004இலேயே காட்டியிருக்கிறார்.

பதில் – எட்டரை மணி

மதிப்பெண்ணை மாற்றும் முன் தேதியைப் பாருங்கள். இந்திய வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30க்கு முடிகிறது, ‘டிசம்பர் 30’ என்ற வரியில் இருப்பது 29 காலை 8.30 முதல் 30 காலை 8.30 வரை பெய்த மழை. நீங்கள் தேடும் மழை 31ஆம் தேதி வரியில் இருக்கிறது. நானும் ஒரு முறை இதில் விழுந்து, இரண்டு மாதம் மாடலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, சென்னையைச் சுற்றிச் சதுரம் போட்டால் பாதி கடல். அங்கே மழைமானி கிடையாது. ஆகவே ரேடார் வேண்டும். அதிலும் ரேடார் எதிரொலியை மழை அளவாக மாற்றும் வழக்கமான மார்ஷல்–பால்மர் சூத்திரம் வெப்பமண்டலக் கனமழையைக் குறைத்துக் காட்டக்கூடும் என்பதால், கரையிலுள்ள மானிகளை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். நாசாவின் ஐமெர்க் செயற்கைக்கோள் மழைத் தரவை எடுத்தால் அதன் கட்டமே 0.1 பாகை, அதாவது சுமார் 11 கி.மீ.; மாடலை முதலில் அந்தக் கட்டத்துக்குச் சராசரியாக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.

பதில் – கடலோரவாசி

ஐயா, தேதியில்தான் தவறு செய்திருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. திருத்திய பிறகும் ஆர்.எம்.எஸ். பிழையில் 9 கி.மீ. அடுக்கே சற்று முன்னே நிற்கிறது. ஆனால் ரேடாரோடு சதுர முறையில் பார்த்தால், 50 மி.மீ. வரம்புக்கு 3 கி.மீ. அடுக்கு தேறிவிடுகிறது, 9 கி.மீ. அடுக்கு எந்தச் சதுரத்திலும் தேறவில்லை.

பதில் – ஏரிக்கரை

சதவீதம் வேண்டாம். 1884இல் அமெரிக்காவில் ஃபின்லி வெளியிட்ட 2803 சூறாவளி (டொர்னாடோ) கணிப்புகளில் 96.6 சதவீதம் சரி. ‘சூறாவளி இல்லை’ என்றே எப்போதும் சொல்லியிருந்தால் 98.2 சதவீதம் சரியாகியிருக்கும். உங்கள் நெறியாளரிடம் இந்த இரண்டு எண்களைக் காட்டினாலே போதும்.

ஆயினும் சதுர முறையை முழுதாகக் கொண்டாட எனக்கு மனமில்லை. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறப்பதா மூடுவதா என்று முடிவெடுப்பவருக்கு, 25 கி.மீ. பிசகு என்பது ஏரிக்கு வர வேண்டிய நீரைக் கடலில் கொட்டிய கணக்கு. எனவே மதிப்பெண்ணோடு, பட்டை எத்தனை கி.மீ., எந்தத் திசையில் விலகியது என்பதையும் தனியே எழுதுங்கள். ஒரே ஒரு நாளை வைத்து நிறுத்தாமல், மழையே பெய்யாத நாட்களையும் சேர்த்து ஒரு பருவம் முழுவதும் ஓட்டுங்கள். பிசகு எப்போதும் வடக்காகவே வந்தால் அது மாடலின் நிலையான சாய்வு. தொடக்க நிலைத் தரவிலோ கடலோரக் காற்றிலோ காரணத்தைத் தேடலாம். ஒரு நாள் வடக்கு, மறுநாள் தெற்கு என்று வந்தால் ஒற்றை ஓட்டத்தை விட்டுவிட்டு, தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் பல முறை ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.